சிகாகோ பக்கத்துப் பழைய சைரன்கள் யாருக்காவது நினைவிருக்கிறதா?

லேக்வியூ கார்த்தி கேட்டது:

சிகாகோவிலும் புறநகர்களிலும் ரொம்ப காலமாக இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி.

மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கு நடக்கும் சைரன் சோதனை எனக்குத் தெரியும். நான் கேட்பது அதைப் பற்றி இல்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் காளான் குடை மாதிரி ஒரு இரும்புச் சாமான், முழுக்கத் துரு. செவ்வாய்க்கிழமை சத்தம் அதிலிருந்து வரவில்லை, வேறு திசையிலிருந்து வருகிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டேன். "அது ரஷ்யாக்காரனுக்காக வைத்தது" என்றார். அதோடு விடவில்லை. 1959-இல் ஒரு ராத்திரி பேஸ்பால் ஜெயித்ததற்காக ஊர் முழுக்கச் சைரனை அலறவிட்டார்கள், ஜனங்கள் அணுகுண்டு என்று நினைத்து நிலவறைக்கு ஓடினார்கள் என்றும் சொன்னார்.

அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். இது நிஜமாகவே நடந்ததா? அந்தப் பழைய சைரன்கள் ஒலித்ததைக் கேட்டவர்கள், அவற்றோடு பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சுமதி எழுதியது:

பேஸ்பால் கதை நிஜம்தான். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் இங்கேதான் பள்ளிக்கூடம் போனேன். எங்களுக்குச் சைரன் என்றால் டொர்னேடோ. வகுப்பைவிட்டு வரிசையாக வெளியே வந்து, தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்து முட்டி போட்டு, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு முன்னால் இருந்த தலைமுறை இதே பயிற்சியை மேசைக்கு அடியில் அணுகுண்டுக்காகச் செய்திருக்கிறது. ரஷ்யா போய்க் காற்று வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழையதின் மிச்சம் எங்கள் பள்ளி நிலவறையில் இருந்தது. கறுப்பு மஞ்சள் பலகை, வட்டத்துக்குள் மூன்று முக்கோணம், கீழே எத்தனை பேர் தங்கலாம் என்று ஓர் எண். கதிர்வீச்சுத் தூசியிலிருந்து தப்பிக்கும் இடமாம். உள்ளே தண்ணீர் பீப்பாய்களும் பிஸ்கட் டின்களும் அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றின் மேல் பள்ளிக் காவலாளி கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகளை ஏற்றி வைத்திருப்பார். உலகம் அழிந்தால் முதலில் அந்தப் பெட்டிகளை இறக்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

சேது சார் இந்தப் பக்கம் வருவாரா? அவருக்குத்தான் இதில் அனுபவம்.

சேது எழுதியது:

வந்துவிட்டேன் அம்மா. சைரன் என்று தலைப்பில் பார்த்தால் நான் வராமல் இருப்பேனா.

கார்த்தி, நான் எழுபதுகளின் கடைசியிலிருந்து ஓய்வு பெறும் வரை தெற்குப் புறநகர் ஒன்றின் பொதுப்பணித் துறையில் மின் வேலை பார்த்தவன். தெருவிளக்கு, போக்குவரத்து சிக்னல், தண்ணீர் பம்ப், அப்புறம் சைரன். மற்றதெல்லாம் கெட்டுப்போனால் ஊர் உடனே தொலைபேசியை எடுக்கும். சைரன் கெட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் அந்த வேலைக்கு மதிப்பும் கிடையாது, போட்டியும் கிடையாது. புதிதாகச் சேர்ந்த என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அது பிடித்துப்போனது வேறு விஷயம்.

முதலில் 1959. செப்டம்பர் 22. சிகாகோவின் வொயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி கிளீவ்லாந்தில் ஆடி 4-2 என்று ஜெயித்து அமெரிக்கன் லீக் பட்டத்தைப் பிடித்தது. 1919-க்குப் பிறகு முதல் தடவை, அதாவது 40 வருடத்துக்கு அப்புறம். ராத்திரி பத்தரை மணி வாக்கில் நகரத்துச் சைரன்கள் அத்தனையும் ஒலிக்க ஆரம்பித்து ஐந்து நிமிடம் நிற்கவில்லை. உத்தரவு போட்டவர் தீயணைப்பு ஆணையர் ராபர்ட் குவின். மேயர் ரிச்சர்ட் டேலியும் வெறி பிடித்த சாக்ஸ் ரசிகர். குவினைக் கேட்டபோது, ஜெயித்தால் மணியும் சைரனும் முழங்கட்டும் என்று நகர மன்றமே தீர்மானம் போட்டிருக்கிறதே என்றார். மன்றம் பேச்சுக்குச் சொன்னதை மனிதர் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த வாரம் நிகிதா குருஷேவ் அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தங்கள் தலைவர் இங்கே இருக்கும்போதே குண்டு போடுவார்களா என்று நிதானமாக யோசித்தவர்கள் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் பத்தரை மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்தவனுக்கு அந்த யோசனை எங்கே வரும்?

என் முதல் மேஸ்திரி அப்போது பள்ளிக்கூடப் பையன், தெற்குச் சிகாகோவில் வீடு. அவர் சொன்னதை மறக்க முடியாது. அப்பா முன்னறையில் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஒரே பந்தில் வெளியேற, எழுந்து குதித்திருக்கிறார். அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தவர். சைரன் கேட்டதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இவரையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு பின்படி வழியாக நிலவறைக்குப் போய்விட்டார். மேலே தரை அதிர அப்பா குதிக்கிற சத்தம். அந்த அம்மாளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விஷயம் தெரிந்து மேலே வந்தவர் அப்புறம் ரொம்ப நாள் கணவரோடு பேஸ்பால் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். மேஸ்திரி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் சைரன் பெட்டியைத் திறக்கும்போது மட்டும் விளையாட்டுப் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்.

ஊரே ஓடியது என்பது மட்டும் உங்கள் பெரியவர் கூட்டிச் சொன்னது. பெரும்பாலான ஜனங்கள் ஒன்றுமே செய்யவில்லை. ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார்கள், வானொலியைத் திருப்பினார்கள், யாருக்காவது தொலைபேசி செய்தார்கள். 1955-இல் ஓக்லாந்திலும் 1958-இல் வாஷிங்டனிலும் இப்படித் திடீரென்று சைரன் ஒலித்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இந்த மூன்றையும் சேர்த்து எடுத்து மக்களை விசாரித்தபோது கிடைத்த பதிலும் இதேதான். சத்தம் கேட்டதை யாரும் மறுக்கவில்லை. நம்பியவர்கள்தான் குறைவு.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வாரா வாரம், மாதா மாதம் குறித்த நேரத்துக்கு ஊதி ஊதி, இது சும்மா என்று நாமே ஜனங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். சோதனை செய்யாவிட்டால் இயந்திரம் படுத்துவிடும், செய்தால் காது மரத்துவிடும். நான் வேலையில் இருந்தவரை இதற்கு வழி கண்டுபிடிக்கவில்லை, எனக்குப் பின்னால் வந்தவர்களும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். எனக்கு இங்கேதான் பேச்சு நிற்காது.

பழைய சைரனில் ஒலிபெருக்கி எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான். ஒரு மின் மோட்டார், எங்கள் ஊரில் பத்து குதிரைத்திறன் அளவில் இருந்தது. அதன் தண்டில் ஓர் உருளை, உருளையின் சுற்றுச்சுவரில் ஜன்னல் ஜன்னலாக வெட்டு. அதை நெருக்கமாகச் சுற்றி அசையாத இன்னொரு உருளை, அதிலும் அதே மாதிரி வெட்டு. மோட்டார் சுழலும்போது உள் உருளை காற்றை நடுவில் இழுத்து ஓரத்துக்குத் தள்ளும். இரண்டு ஜன்னல்களும் நேருக்கு நேர் வரும்போது காற்று வெளியே பாயும், விலகினால் அடைபடும். நொடிக்குச் சில நூறு தடவை இப்படிக் காற்றை நறுக்கினால் அதுதான் அந்த ஓலம். சுருதி முழுக்க வேகத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் ஏறும், நிறுத்தினால் இறங்கும். ஏறி இறங்கும் அந்த ஊளைக்குத் தனியாக ஒரு கருவியும் இல்லை. ஒரு டைமர் சில நொடிக்கு ஒருமுறை மின்சாரத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

சில மாடல்களில் உருளையில் இரண்டு அடுக்கு இருக்கும். ஒன்றில் 10 ஜன்னல், இன்னொன்றில் 12. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் 5-க்கு 6 என்ற விகிதத்தில் இரண்டு சுருதி சேர்ந்து வரும். சங்கீதம் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டால் தெரியும், அது சட்ஜமும் சாதாரண காந்தாரமும். வேகம் எவ்வளவு மாறினாலும் இரண்டும் விலகாமல் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். வயிற்றைப் பிசைகிற அந்தச் சோகம் வருவது அதனால்தான் என்பது என் எண்ணம். ஒற்றைச் சுருதிச் சைரன் எரிச்சல் மூட்டும், பயம் காட்டாது.

அந்தக் காலத்து விதிப்படி இரண்டு வகை ஒலி. மாறாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஒலித்தால் "கவனி, வானொலியைக் கேள்". மூன்று நிமிடம் ஏறி இறங்கினால் "தாக்குதல், பதுங்கு". ஐம்பதுகளில் வானொலிப் பெட்டியில் 640, 1240 என்ற இரண்டு இடத்தில் சின்ன முக்கோணம் அச்சடித்திருப்பார்கள். போர் என்றால் மற்ற நிலையங்கள் அடங்கி, அந்த அலைவரிசைகளில் மட்டும் அறிவிப்பு வரும் ஏற்பாடு. பழைய பெட்டி கிடைத்தால் பாருங்கள், முக்கோணம் இருக்கும். ஏரிக்கரையில் ஜாக்சன் பூங்காப் பக்கமெல்லாம் எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் நைக்கி ஏவுகணைத் தளம் இருந்தது. இப்போது அங்கே காலையில் ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

வசந்த காலத்தில்தான் எனக்கு முழு வேலை. முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். பிறகு கம்பத்தில் இருக்கும் பெட்டியின் மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆளை மேலே தூக்கும் வண்டியில் ஏறுவேன். ஏனென்றால் அந்தச் சைரனை வானொலிச் சமிக்ஞை மூலம் எங்கிருந்தோ ஒருவர் இயக்க முடியும். நான் முகத்தை உள்ளே நீட்டியிருக்கும்போது அங்கே யாராவது பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம். மேலே போனால் வலையைக் கிழித்து நுழைந்த குருவிக் கூடு, வைக்கோல், ஒரு தடவை யாருடைய பட்டமோ தெரியவில்லை, வாலோடு. குளவி இல்லாத வருடம் கிடையாது. கூட்டை எடுத்து, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, உருளையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவேன். நன்றாக இருந்தால் கை எடுத்த பிறகும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது உரசினால் விரலிலேயே தெரிந்துவிடும். பெட்டிக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் முனைகள் கருகிப்போயிருக்கும், அதை மாற்றுவேன். குளிர்காலத்தில் வேறு தொல்லை. ஈரம் உள்ளே போய் உறைந்து உருளை ஒட்டிக்கொள்ளும். மோட்டார் முனகும், சுற்றாது, ஓவர்லோடு பாதுகாப்பு மின்சாரத்தை வெட்டிவிடும். கீழே நிற்கிறவர்களுக்குச் சைரன் "ம்ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓய்ந்துபோகும்.

தீயணைப்பு நிலையக் கூரையில் எங்களிடம் தண்டர்போல்ட் என்ற மாடல் சைரன் ஒன்று இருந்தது. ஃபெடரல் சிக்னல் செய்தது, சிகாகோவில் பிறந்த கம்பெனி. 1952-இல் இருந்தே அந்த மாடல் வந்தது. அதில் தனியாக ஓர் ஊதுகாற்றி காற்றை அழுத்தி அனுப்பும், பெரிய கொம்பு ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டே ஒலிக்கும். தெருவில் நிற்பவருக்குச் சத்தம் நெருங்கி வந்து விலகிப்போவது போல இருக்கும். அதைக் கழற்றிய நாள் எனக்கு மனசே சரியில்லை. மாற்றாக வந்தது ஒலிபெருக்கிச் சைரன், பேட்டரியில் ஓடும், மின்சாரம் போனாலும் வேலை செய்யும். குறை சொல்ல முடியாது, ஆனாலும் அதில் கிரீஸ் வைக்க ஒன்றும் இல்லை.

டெட்ராய்ட்டுப் பக்கம் கிரைஸ்லர் செய்த சைரனை ஒருமுறை போய்ப் பார்த்தேன். 180 குதிரைத்திறன் வி-8 எஞ்சினையே வைத்திருக்கிறார்கள். நூறு அடி தூரத்தில் 138 டெசிபல். அது ஓடி நான் கேட்டதில்லை. கேட்கவும் ஆசை இல்லை.

ஆனால் என் காலத்தில் மனத்தில் தங்கிப்போன நாள் சைரன் ஒலிக்காத நாள்தான். 1990 ஆகஸ்ட் 28, பிளெயின்ஃபீல்டு டொர்னேடோ. மதியத்துக்கு மேல் புழுங்கித் தள்ளியது. வடமேற்கே வானம் கறுத்து, அடியில் ஒரு பச்சை நிறம். புயல் மழைக்குள் மறைந்து வந்ததால் புனல் வடிவம் கண்ணில் படவில்லை. முன்கூட்டியே டொர்னேடோ எச்சரிக்கையும் வெளியாகவில்லை. ஊரைத் தாண்டிப் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது. 29 பேர் போனார்கள், 350-க்கும் மேல் காயம். அளவுகோலில் உச்சமான எஃப்-5. அங்கே கம்பங்களில் சைரன் இருக்கத்தான் செய்தது. பொத்தானை அமுக்கச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. மறு வாரமே எங்கள் ஊர் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு எல்லா சைரனும் சரியாக இருக்கிறதா என்று கேட்டது. அதுவரை ஒருத்தர் கேட்டதில்லை. "எல்லாம் சரியாக இருக்கிறது, யார் பொத்தானை அமுக்குவது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள்" என்றேன். கொஞ்சம் துடுக்காகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, யாரும் சிரிக்கவில்லை.

ராம் எழுதியது:

சேது சார், சுவையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எதிர்க்கேள்வி ஒன்று. இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி. 2012-இலிருந்து அவசரச் செய்தி நேராக அதிலேயே அலறுகிறது, என்ன ஆபத்து, எத்தனை மணி வரை என்று எழுத்திலும் வருகிறது. கம்பத்து ஊளை இன்னும் எதற்கு? 2017 ஏப்ரலில் டாலஸில் யாரோ விஷமி புகுந்து நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் 156 சைரனையும் ஒலிக்கவிட்டான். ஊரே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, நிஜமாக உதவி தேவைப்பட்டவர்கள் காத்திருக்க வேண்டி வந்தது. நீங்கள் சொன்ன வானொலிச் சமிக்ஞையைத்தான் அவன் போலியாக அனுப்பியதாகச் சொன்னார்கள். பழைய பூட்டு, யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

சேது எழுதியது:

பூட்டு பழசு என்பதில் உங்களோடு சண்டை இல்லை ராம். எங்கள் காலத்தில் அந்தச் சமிக்ஞை அடுத்தடுத்து வரும் சில ஒலிகள்தான், மறையாக்கம் எல்லாம் கிடையாது. அதைச் சரி செய்ய வேண்டும். செய்தும் வருகிறார்கள்.

ஆனால் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. இந்தச் சைரன் வீட்டுக்குள் இருப்பவருக்காக வைத்ததே இல்லை. வெளியே மைதானத்தில் கால்பந்து ஆடும் பிள்ளைகள், ஏரியில் படகில் இருப்பவர், கூரை வேய்கிறவர், இவர்களுக்காக வைத்தது. உள்ளே போ, என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொள் என்பதுதான் அதன் மொத்தச் செய்தி. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குகிறவர், எனக்குக் கேட்கவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் புகார் சொல்வார். அவருக்கு நான் எப்போதும் சொன்னது, வானிலை வானொலி ஒன்று வாங்கித் தலைமாட்டில் வையுங்கள், நம் மாவட்டக் குறியீட்டை அதில் போட்டுவிட்டால் நமக்கான எச்சரிக்கைக்கு மட்டும் எழுப்பும். தொலைபேசியை ராத்திரி எத்தனை பேர் அமைதியில் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள்? தொலைபேசிக் கோபுரம் சாய்ந்தால் சிக்னல் எங்கே? ஒன்றை நம்பி இன்னொன்றை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

சுமதி எழுதியது:

ராம், எங்கள் வீட்டில் போன வருடம் நடந்தது: தொலைபேசி அலறியதும் என் மகன் எரிச்சலோடு அணைத்தான். வெளியே சைரனும் சேர்ந்து கேட்டபோதுதான் எழுந்து நிலவறைக்கு வந்தான். ஒன்று சொன்னால் நம்ப மாட்டான், இரண்டு சொன்னால் நம்புவான். 1959-இல் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டைப் பார்த்தவர்களும் அதைத்தானே தேடினார்கள்.

லேக்வியூ கார்த்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், முக்கால்வாசி உண்மையாகவே இருக்கிறது. கம்பத்தின் படத்தை மேலே சேர்த்திருக்கிறேன். சேது சார், இது எது? இன்னும் உயிர் இருக்குமா? ஏன் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்?

சேது எழுதியது:

படம் பார்த்தேன். குடைக்குக் கீழே கம்பிவலை, அதற்குள் உருளை நிமிர்ந்த வாக்கில் இருக்கிறது, பழைய மின்மோட்டார் வகைதான். மாடல் சொல்ல மோட்டாரில் இருக்கும் பெயர்த்தகடு தெரிய வேண்டும், படத்தில் தெரியவில்லை. உயிர் இல்லை. கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மேலே நாலு போல்ட் துளை தெரிகிறது பாருங்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்த இடம். பெட்டியைக் கழற்றி, மின்கம்பி போன குழாயின் வாயை அடைத்துவிட்டார்கள்.

எடுக்காததற்குக் காரணம் காசுதான். தூக்கி வண்டி, இரண்டு ஆள், ரயில் பாதைக்குப் பக்கம் என்றால் ரயில்வேயின் அனுமதி வேறு. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும், அதைக் கண்டபடி சுரண்டவும் முடியாது. விழாத வரை நிற்கட்டும் என்று எல்லா ஊரும் விட்டுவிடுகிறது.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால் கம்பத்தில் அடித்திருக்கும் எண் தகட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து மின் நிறுவனத்துக் கம்பமா, நகரத்துக் கம்பமா என்று கண்டுபிடித்துவிடலாம். நகரத்துடையது என்றால் ஆவணம் எங்காவது இருக்கும், பொதுத் தகவல் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். இதைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அனுமதி கிடைத்தால் தங்கள் செலவிலேயே இறக்கி எடுத்துக்கொண்டு போய்ப் புதுசாக்கி ஓட்டிக் காட்டுவார்கள். நீங்களாக ஏறிப் பார்க்க வேண்டாம். ஜூன் மாதம் வேறு, குளவி கட்டாயம் இருக்கும்.